டெபியனில் சொந்த பேட்ச் உடைந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டெபியனிலோ அதன் வழிவந்த உபுண்டுவிலோ ஒரு பேக்கேஜின் மூல நிரலில் சொந்தமாக நாலு வரி மாற்றி, அந்த மாற்றத்தை (அதைத்தான் பேட்ச் என்கிறோம்) பதிப்புக்குப் பதிப்பு சுமந்துகொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலுவலகக் கணினிகளுக்காக இப்படி இருபதுக்கு மேற்பட்ட பேட்சுகளை நான் பராமரிக்கிறேன். எல்லாம் டெபியன் 12. புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் அவற்றில் இரண்டோ மூன்றோ முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் விதங்கள் அதிகமில்லை. திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். திரையில் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

அடிப்படையை மட்டும் நினைவுபடுத்திவிடுகிறேன். நிரலை முதலில் எழுதிப் பராமரிக்கிறவர்களை அப்ஸ்ட்ரீம் என்கிறோம். டெபியனின் ‘3.0 குவில்ட்’ வடிவத்தில் அப்ஸ்ட்ரீம் தந்த மூலக் கட்டு கை படாமல் அப்படியே இருக்கும். நம் மாற்றங்கள் எல்லாம் டெபியன் கோப்புறைக்குள் ‘பேட்சஸ்’ என்ற இடத்தில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அங்கேயே ‘சீரிஸ்’ என்று ஒரு கோப்பு உண்டு. அதில் எந்த வரிசையில் பெயர்கள் இருக்கின்றனவோ அந்த வரிசையில்தான் பேட்சுகள் ஒட்டப்படும். இவற்றை ஒட்டவும் கழற்றவும் உதவும் கருவிதான் குவில்ட்.

எந்த அறிகுறியானாலும் சுத்தமான இடத்திலிருந்து தொடங்குங்கள். பாதி ஒட்டி, பாதி கம்பைல் ஆன கோப்புறையில் நின்று தேடினால் பொய்யான காரணம்தான் கையில் கிடைக்கும். ‘குவில்ட் பாப் -ஏ’ கொடுத்து எல்லா பேட்சையும் கழற்றுங்கள். கழற்ற மறுத்தால் அந்தக் கோப்புறையை ஓரமாக வைத்துவிட்டு, ‘டிபிகேஜி-சோர்ஸ்’ கட்டளைக்கு ‘--ஸ்கிப்-பேட்சஸ்’ சேர்த்து மூலத்தைப் புதிதாகப் பிரித்தெடுங்கள். பேட்சுகளே இல்லை என்று குவில்ட் சொன்னால் பதற வேண்டாம். குவில்ட் தானாகத் தேடுவது ‘பேட்சஸ்’ என்ற கோப்புறையை. நம்முடையது டெபியன் கோப்புறைக்குள் இருக்கிறது. ‘குவில்ட்_பேட்சஸ்’ என்ற சூழல் மாறியில் அந்தப் பாதையைக் கொடுத்துவிட்டால் போதும்.

அப்டேட் போட்டதும் என் மாற்றம் காணாமல் போய்விட்டது

இது பேட்சே எழுதாதவர்களுக்கு வரும் பிரச்சினை. நிறுவப்பட்ட கோப்பை நேராகத் திறந்து திருத்தியிருப்பார்கள். நம்மிடையே அதிகம் பார்ப்பது விசைப்பலகைக் கோப்புதான். எக்ஸ்கேபி-டேட்டா பேக்கேஜில், சிம்பல்ஸ் கோப்புறைக்குள் ‘இன்’ என்ற ஒரு கோப்பு இருக்கிறது. இந்திய மொழிகளின் விசைத் தளவமைப்புகள், தமிழ்நெட் 99 உட்பட, அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு விசையில் தமிழ் எண் வேண்டும், இன்னொன்றில் ஏதோ ஒரு குறி வேண்டும் என்று அதில் கை வைப்பார்கள். மூன்று மாதம் நன்றாக ஓடும். அப்புறம் ஒருநாள் அந்த பேக்கேஜ் புதுப்பிக்கப்படும், விசை பழையபடி ஆகிவிடும்.

காரணம் எளிது. ஈடிசி கோப்புறையில் இருக்கும் அமைப்புக் கோப்புகளை நாம் மாற்றியிருந்து, புதிய பதிப்பிலும் அவை மாறியிருந்தால், ‘உங்களுடையதை வைக்கவா, புதியதைப் போடவா’ என்று பேக்கேஜை நிறுவும் கருவியான டிபிகேஜி கேட்கும். யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருப்பதைப் பற்றி அது கேட்காது, மேலே எழுதிவிடும். இதுவரை எங்கெங்கே கை வைத்திருக்கிறீர்கள் என்று மறந்துபோயிருந்தால், ‘டெப்சம்ஸ் -சி’ ஓட்டிப் பாருங்கள். பேக்கேஜ் தந்ததிலிருந்து மாறியிருக்கும் கோப்புகளை அது காட்டிக்கொடுக்கும். பெரிய அப்டேட்டுக்கு முன்னால் இதை ஓட்டுவது நல்ல பழக்கம்.

‘டிபிகேஜி-டைவர்ட்’ கொண்டு பேக்கேஜின் கோப்பை வேறு பெயருக்குத் திருப்பிவிட்டு நம் கோப்பை அந்த இடத்தில் வைக்கலாம். அப்டேட் நம்முடையதைத் தொடாது. ஆனால் அப்ஸ்ட்ரீம் செய்யும் திருத்தங்களும் நம் கோப்புக்கு வந்து சேராது. விசைப்பலகைக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. வேலண்ட் என்ற திரைக்காட்சி அமைப்பில் ஓடும் மேசைத்தளமானால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் கான்ஃபிக் என்பதற்குள் எக்ஸ்கேபி என்று ஓர் இடம் வைத்து, சொந்தத் தளவமைப்பை அங்கே எழுதிக்கொள்ளலாம். அமைப்புக் கோப்பைத் தொடவே வேண்டாம். பேட்ச் எழுத உட்காரும் முன், பேட்ச் இல்லாமல் முடியுமா என்று பத்து நிமிடம் தேடுவது எப்போதும் லாபம்.

‘ஹங்க் ஃபெயில்டு’ என்று வந்து நிற்கிறது

அதிகம் பார்க்கும் அறிகுறி இதுதான், அவசரத்தில் அதிகம் கெடுப்பதும் இங்கேதான். ‘ஹங்க் #1 ஃபெயில்டு அட் 214’ என்றால், பேட்சின் முதல் துண்டுக்குப் பொருந்தும் இடம் 214-ஆம் வரியிலும் இல்லை, அதன் அக்கம்பக்கத்திலும் இல்லை என்று பொருள்.

சின்னக் காரணங்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். கோப்பையே கண்டுபிடிக்க முடியவில்லை, ‘-பி’ தவறாக இருக்கலாம் என்று சொன்னால், பாதையில் எத்தனை கோப்புறைப் பெயரை வெட்டுவது என்பதில் குழப்பம். பெரும்பாலும் -பி1 சரியாக இருக்கும். ‘டிஃபரென்ட் லைன் எண்டிங்ஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் வந்தால், ஒரு பக்கம் விண்டோஸ் பாணி வரிமுடிவும் மறு பக்கம் யுனிக்ஸ் பாணி வரிமுடிவும் இருக்கின்றன. மின்னஞ்சலிலிருந்து வெட்டி ஒட்டிய பேட்சென்றால் டேப் எல்லாம் இடைவெளியாக மாறியிருக்கும். அதைச் சரிசெய்து நேரத்தைக் கழிக்காதீர்கள், மூலக் கோப்பையே மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், அப்ஸ்ட்ரீம் அந்த இடத்தை உண்மையாகவே மாற்றியிருக்கிறது. இங்கே கை தானாக ‘குவில்ட் புஷ் -எஃப்’ பக்கம் போகும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவர்கள் ஏன் மாற்றினார்கள் என்று படியுங்கள். மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் அப்ஸ்ட்ரீமின் கிட் களஞ்சியத்தை இறக்கி, ‘கிட் லாக் -எஸ்’ என்பதோடு உங்கள் பேட்ச் தேடிய பழைய வரியின் ஒரு துண்டைக் கொடுங்கள். அந்தத் துண்டு எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) வந்தது, எந்த கமிட்டில் போனது என்று காட்டும். அந்த கமிட்டின் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள். பெயர் மாற்றம் மட்டும்தானா, ஃபங்ஷனை இரண்டாகப் பிரித்திருக்கிறார்களா, அல்லது நீங்கள் சரிசெய்த அதே பிழையை அவர்கள் வேறு வழியில் சரிசெய்துவிட்டார்களா? மூன்றுக்கும் மூன்று வேறு பதில்.

படித்த பிறகு ‘குவில்ட் புஷ் -எஃப்’ கொடுங்கள். பொருந்திய துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாதவை ‘.ரெஜ்’ என்று முடியும் கோப்பில் விழும். அதைத் திறந்து கூட்டல் குறியோடு இருக்கும் வரிகளை மட்டும் பார்க்காதீர்கள், கழித்தல் வரிகளையும் பாருங்கள். எந்தச் சூழ்நிலையை நம்பி அந்த பேட்ச் எழுதப்பட்டது என்பது கழித்தல் வரிகளில்தான் இருக்கிறது. முரண்பாட்டுக் குறிகள் கோப்புக்குள்ளேயே வேண்டுமென்றால் ‘-எஃப்’ இடத்தில் ‘-எம்’ போடலாம். கிட்டில் பழகியவர்களுக்கு அது வசதி. கையால் சரிசெய்து முடித்ததும் ‘குவில்ட் ரெஃப்ரெஷ்’.

ரெஃப்ரெஷ் செய்தும் பேட்சில் மாற்றம் ஏறவில்லை என்றால், அநேகமாக ஒரு புதிய கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள், அதை முன்கூட்டியே ‘குவில்ட் ஆட்’ செய்யவில்லை. திருத்தும் முன் ஆட் செய்தால்தான் குவில்ட்டிடம் பழைய நகல் இருக்கும். ‘குவில்ட் எடிட்’ என்றே திறந்தால் இரண்டு வேலையும் சேர்ந்து நடந்துவிடும். இன்னொன்று, ரெஃப்ரெஷ் செய்யும்போது நேரமுத்திரையும் இன்டெக்ஸ் வரியும் வேண்டாம் என்று குவில்ட் அமைப்பில் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் ஒரு வரி மாறிய இடத்தில் எல்லாக் கோப்பும் மாறியதுபோல் தெரியும், பிறகு சரிபார்க்கிறவருக்குக் கண் வலிதான் மிச்சம்.

பேட்சுகளைக் கிட் கிளையாக வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை ரீபேஸில், அதாவது புதிய பதிப்பின் மேல் பேட்சுகளை மறுபடி அடுக்கும்போது, வரும். ‘ரெரெரெ’ வசதியைக் கட்டாயம் இயக்கிவையுங்கள். ஒரு முரண்பாட்டை ஒருமுறை தீர்த்தால், அதே முரண்பாடு மறுபடி வரும்போது கிட் அதே தீர்வைத் தானே போடும். ரீபேஸ் முடிந்ததும் ‘கிட் ரேஞ்ச்-டிஃப்’ ஓட்டி, பழைய பேட்ச் வரிசையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் அறியாமல் விழுந்துபோன வரி அதில் தெரிந்துவிடும்.

ஒட்டிவிட்டது, ஆனால் ‘ஃபஸ்’ என்று ஒரு வார்த்தை வருகிறது

தோல்வி என்று சத்தம் போட்டு நிற்கும் பேட்சைவிட எனக்கு இதைப் பார்த்தால்தான் பயம்.

பேட்ச் என்ற நிரலை லாரி வால் 1985-இல் எழுதினார். மூலம் சற்று நகர்ந்திருந்தாலும் மாற்றத்தை ஒட்ட முடிய வேண்டும் என்பதுதான் அதன் பலமே. பொதுவாக ஒரு துண்டின் மேலும் கீழும் மூன்று மூன்று வரிகள் சூழலாக இருக்கும். அவை முழுதாகப் பொருந்தாவிட்டால், வெளி ஓரத்திலிருந்து ஒரு வரியை, பிறகு இன்னொரு வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டுத் தேடும். இந்த விட்டுக்கொடுப்புதான் ஃபஸ். குனு பேட்சில் இயல்பான அளவு 2. அதாவது மூன்று வரிச் சூழலில் இரண்டு பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரி பொருந்தினால் ஒட்டிவிடும்.

சி நிரலில் அந்த ஒரு வரி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மூடு அடைப்புக்குறியாக இருக்கலாம், காலி வரியாக இருக்கலாம், ‘ரிட்டர்ன் 0’ ஆக இருக்கலாம். ஒரே கோப்பில் இவை நூறு இடத்தில் வரும்.

எனக்கு நடந்தது இது. பின்னணியில் ஓடும் ஒரு சின்னச் சேவைக்கு ஒரு பேட்ச் வைத்திருந்தேன். காத்திருப்பு நேரம் பூச்சியமாக இருந்தால் அதை 30 வினாடியாக மாற்றும் மூன்றே வரி. முதல் இணைப்பை உண்டாக்கும் ஃபங்ஷனுக்குள் அது இருக்க வேண்டும். புதிய பதிப்பில் அப்ஸ்ட்ரீம் ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றியிருந்தது. குவில்ட், ‘ஃபஸ் 2, ஆஃப்செட் 41 வரிகள்’ என்று சொல்லிவிட்டு ஒட்டியது. ஒட்டிய இடம் மறுஇணைப்பு ஃபங்ஷன். இரண்டு ஃபங்ஷனிலும் மாறியின் பெயர் ஒன்றே என்பதால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேகமான லைன் இருந்த இடங்களில் எல்லாம் சரியாக ஓடியது. லைன் மெதுவாக இருந்த ஒரு கிளையில் மட்டும் காலையில் சேவை தொடங்கும்போது அப்படியே தொங்கி நின்றது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பேட்ச் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தபோதெல்லாம் ‘ஆமாம், ஒட்டியிருக்கிறது’ என்ற பதில்தான் கிடைத்தது.

அதிலிருந்து நான் ‘குவில்ட் புஷ்’ கொடுக்கும்போதெல்லாம் ‘--ஃபஸ்=0’ சேர்த்துத்தான் கொடுக்கிறேன். டிபிகேஜி-சோர்ஸும் ஃபஸ்ஸை ஏற்பதில்லை, பூச்சியம் வைத்துத்தான் ஒட்டுகிறது. ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பக்கமும் இயல்பு மதிப்பு பூச்சியம்தான். ‘என் கையால் குவில்ட் புஷ் செய்தால் ஒட்டுகிறது, பேக்கேஜ் கட்டும்போது மட்டும் தோற்கிறது’ என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான். ஒவ்வொரு பேட்சாகப் புஷ் செய்து ரெஃப்ரெஷ் செய்தால் பிழை போய்விடும். ஆனால் ரெஃப்ரெஷ் கொடுக்கும் முன் ‘குவில்ட் டிஃப்’ ஓட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் வரும் ஃபங்ஷன் பெயரைப் பாருங்கள். தவறான இடத்தில் ஒட்டியதை ரெஃப்ரெஷ் செய்துவிட்டால் தவறு நிரந்தரமாகிவிடும், அப்புறம் எந்தக் கருவியும் எச்சரிக்காது.

ஆஃப்செட் மட்டும் வந்து ஃபஸ் வராவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. சூழல் முழுதாகப் பொருந்தியது, வரி எண் மட்டும் நகர்ந்திருக்கிறது. ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் கோப்பென்றால் மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

‘ஏற்கெனவே ஒட்டப்பட்டது போலிருக்கிறது’ என்கிறது

பேட்ச் நேரடியாக ஓடினால் ‘ரிவர்ஸ்டு’ என்று தொடங்கும் செய்தியைக் காட்டி, தலைகீழாக ஒட்டவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லாதீர்கள். அப்ஸ்ட்ரீம் செய்த திருத்தத்தையே அது பிடுங்கி எறிந்துவிடும். குவில்ட் கேள்வி கேட்காது, இந்த பேட்சைத் தலைகீழாக ஒட்ட முடியும் என்று தகவல் மட்டும் சொல்லும்.

நல்ல செய்தி இது. உங்கள் மாற்றம் அப்ஸ்ட்ரீமில் சேர்ந்துவிட்டது. ‘குவில்ட் டெலீட்’ கொடுத்து சீரிஸிலிருந்து எடுங்கள், சேஞ்ச்லாகில் ஒரு வரி எழுதுங்கள். கிட்டில் வைத்திருந்தால், எந்தெந்த கமிட் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டது என்று ‘கிட் செர்ரி’ காட்டும். கழித்தல் குறியோடு வருபவை போய்ச் சேர்ந்தவை.

இதன் கெட்ட வடிவமும் ஒன்று உண்டு. அப்ஸ்ட்ரீம் அதே பிழையைப் பத்து வரி தள்ளி வேறு விதமாகச் சரிசெய்திருக்கும். உங்கள் பேட்சும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒரே பூட்டு இரண்டு முறை போடப்படும், அல்லது ஒரே நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படும். ஒட்டும் கருவி எதுவும் இதைப் பிடிக்காது. புதிய பதிப்பின் மாற்றக் குறிப்பில் நீங்கள் பேட்ச் வைத்திருக்கும் கோப்புகளின் பெயர் வருகிறதா என்று தேடிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

எதிர்பாராத மாற்றம் இருக்கிறது என்று கட்ட மறுக்கிறது

டிபிகேஜி-சோர்ஸ் இப்படி நின்றால், பேட்சுக்கு வெளியே மூலக் கோப்பு ஏதோ மாறியிருக்கிறது. அது காட்டும் டிஃபைப் படியுங்கள். நீங்கள் கையால் திருத்தியதென்றால் பேட்சாக்குங்கள். முந்தைய கம்பைலின் எச்சம் என்றால் சுத்தம் செய்யும் விதியைச் சரிசெய்யுங்கள். ‘--கமிட்’ கொடுத்தால் எல்லாவற்றையும் வாரி ஒரே பேட்சாக்கித் தந்துவிடும். அதை யோசிக்காமல் செய்தால், எச்சமும் வேலையும் கலந்த ஒரு மூட்டையை அடுத்த வருடம் நீங்களே அவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஆட்டோமேக் இல்லை என்று கம்பைல் நடுவில் நிற்கிறது

கம்பைல் செய்யும் கணினியில், மேக்ஃபைல் உருவாக்கும் கருவியான ஆட்டோமேக்கே தேவையில்லை, நேற்றுவரை நன்றாகக் கட்டப்பட்டது. பேட்ச் சேர்த்ததும் ‘இந்தப் பதிப்பு ஆட்டோமேக் உங்கள் கணினியில் இல்லை’ என்கிறது. உங்கள் பேட்ச் மேக்ஃபைல் மூலத்தையோ கான்ஃபிகர் மூலத்தையோ தொட்டிருக்கும். ஒட்டியதால் அதன் நேரமுத்திரை புதிதாகிவிட்டது. அதிலிருந்து உருவான கோப்பு பழையதாகத் தெரிகிறது. மேக் அதை மறுபடி உருவாக்கப் பார்க்கிறது. உருவான கோப்பையும் பேட்சுக்குள் திணிப்பது தீர்வல்ல. அது ஆயிரக்கணக்கான வரி வரும், ஒவ்வொரு பதிப்பிலும் உடையும். அந்தக் கோப்புகளைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் கட்டும்போதே ஓடட்டும். பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பரின் பொருத்த நிலை 10 முதல் அது இயல்பாகவே ஓடுகிறது. பழைய நிலையில் இருக்கும் பேக்கேஜென்றால் நிலையை உயர்த்துங்கள்.

ரஸ்ட் நிரலில், பிறர் நூலகங்களின் நகல்கள் இருக்கும் வென்டார் கோப்புறைக்குள் கை வைத்தால் இதேபோல் ஒரு சுவர் வரும். செக்சம் மாறிவிட்டது என்று ரஸ்ட்டின் கட்டும் கருவியான கார்கோ நிறுத்தும். செக்சம் கோப்பைத் திருத்தி அதை ஏமாற்றுவதைவிட, கார்கோ கோப்பில் ‘பேட்ச்’ பகுதி எழுதி உங்கள் நகலை அங்கே சுட்டிக்காட்டுங்கள். அந்தப் பிழைச் செய்தியே அதைத்தான் பரிந்துரைக்கிறது.

எல்லாம் சரி, ஆனால் நடத்தை மாறவில்லை

ஒட்டியாயிற்று, கட்டியாயிற்று, நிறுவியாயிற்று. பழைய பிழை அப்படியே இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள். ‘ஆப்ட் பாலிசி’ கொடுத்து உங்கள் பதிப்புதான் நிறுவப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அடுத்து, நூலகத்தை மாற்றியிருந்தால் அதைப் பயன்படுத்தும் சேவை மறுதொடக்கம் ஆனதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய நூலகத்தையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ‘நீட்ரீஸ்டார்ட்’ அவற்றைப் பட்டியலிடும். அதுவும் சரியென்றால் ‘எல்டிடி’ ஓட்டி, அந்த நிரல் நீங்கள் திருத்திய நூலகத்தைத்தான் இணைக்கிறதா என்று பாருங்கள். சொந்த நகல் வைத்திருக்கும் திட்டங்கள் நிறைய. கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்கின் மூலத்துக்குள், சுருக்க நூலகமான இசட்லிப்பின் நகல் ஒன்று அதற்கென்று மாற்றப்பட்டு இருக்கிறது. அமைப்பின் இசட்லிப்பைத் திருத்திவிட்டு, நகலில் ஓடும் பிழை போகவில்லையே என்று தேடினால் அது எப்படிப் போகும்? நூலகத்தைத் தனக்குள்ளேயே ஸ்டேட்டிக்காக இணைத்த நிரலென்றால் அதையும் மறுபடி கட்ட வேண்டும்.

பாதுகாப்பு அப்டேட் எனக்கு மட்டும் வரவில்லை

இதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை, தயவுசெய்து இன்றே சரிபாருங்கள். சொந்தமாகக் கட்டிய பேக்கேஜின் பதிப்பு எண்ணில் ஒரு பின்னொட்டு வைப்பது வழக்கம். மூலம் 2.4-3 என்றால் நம்முடையது 2.4-3+லோக்கல்1. பார்க்க அழகாக இருக்கிறது. டெபியன் 12-இல் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதன் பெயர் 2.4-3+டெப்12யு1.

இந்த இரண்டில் எது பெரியது? டிபிகேஜி எழுத்து எழுத்தாக ஒப்பிடும். 2.4-3 வரை சமம். கூட்டல் குறியும் சமம். அடுத்து நம்முடையதில் எல், அவர்களுடையதில் டி. ஆங்கில அகரவரிசையில் எல் பின்னால் வருவதால் நம்முடையது பெரியதாகிவிடுகிறது. ஆப்ட்டைப் பொறுத்தவரை நம்மிடம் இருப்பதுதான் புதியது. பாதுகாப்புத் திருத்தம் வாசலில் நிற்கும், உள்ளே வராது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

கூட்டல் குறி இல்லாமல் 2.4-3லோக்கல்1 என்று வைத்தால் கதை தலைகீழ். எழுத்துகள் குறிகளுக்கு முன்னால் வரும் என்பது விதி. அதனால் அது +டெப்-ஐவிடச் சிறியது. நான் வைக்கும் பெயர் 2.4-3+டெப்12யு0+லோக்கல்1. மூலத்தைவிடப் பெரியது, முதல் பாதுகாப்புத் திருத்தத்தைவிடச் சிறியது, படித்ததும் புரிகிறது. அந்தத் திருத்தத்தின் மேல் மறுபடி கட்டும்போது +டெப்12யு1+லோக்கல்1 ஆகும். சந்தேகம் வந்தால் ‘டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்’ கட்டளையிடமே கேட்டுவிடுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

இப்படி வைத்தால் பாதுகாப்பு அப்டேட் வந்து நம் பேட்சை மூடிவிடும். அதைத் தடுக்க ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போடுவார்கள். ஹோல்ட் போட்டால் மறுபடி பழைய கதைதான், திருத்தம் வராது. என் முடிவு இது: நம் பேட்ச் வசதிக்கானது என்றால் சில மணி நேரம் அது இல்லாமல் போகட்டும், பாதுகாப்புத் திருத்தம் முதலில் ஏறட்டும். நம் பேட்சே பாதுகாப்புக்கானது என்றால் மட்டும் ஹோல்ட். அப்போது டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பைத் தினமும் பார்க்க ஒரு ஆள் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த பேட்ச் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை

கருவி காட்டாத அறிகுறி இது. சீரிஸில் ஒரு பெயர் இருக்கும், எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். எடுத்தால் என்ன உடையும் என்று தெரியாது, அதனால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஒரு மாற்றத்தின் காரணம் சரியாகப் புரியாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு டெபியன் போட்ட பேட்சைவிடப் பெரிய பாடம் கிடையாது. தொடக்க மதிப்பு கொடுக்காத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்று வால்கிரிண்ட் கருவி எச்சரித்தது. அதை அடக்க, சீரற்ற எண்களை உண்டாக்கும் கோப்பில் இரண்டு வரிகள் விலக்கப்பட்டன. 2006 செப்டம்பரில் அந்த மாற்றம் டெபியனுக்குள் போனது. அந்த இரண்டு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இருந்த இடம் மட்டும் வேறு. ஒன்றை எடுத்தால் பாதிப்பில்லை. அப்ஸ்ட்ரீமே அதற்கு விலக்கு வைத்திருந்தது. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் சீரற்ற தரவு முழுவதையும் கலக்கிற வரி. அது போனதும், எண்ணை மாற்றக்கூடியதாக மிஞ்சியது புராசஸ் எண் மட்டும்தான். அதில் 32,768-க்கு மேல் வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கிய எஸ்எஸ்எச் சாவிகளும் சான்றிதழ்களும் ஊகிக்கக்கூடியவை ஆகிவிட்டன. லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்தார், 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தது. பேட்சை மட்டும் சரிசெய்தால் போதவில்லை. உலகம் முழுக்க அந்தச் சாவிகளைத் தூக்கி எறிந்து புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

மேலே சொன்ன என் 30 வினாடிக் கதையும் இதுவும் ஒரே இனம். ஒரே மாதிரி வரிகள், வேறு இடம், வேறு பொருள். அதனால்தான் பேட்சின் தலையில் காரணம் எழுதச் சொல்லி நான் விடாப்பிடியாக நிற்கிறேன். டெபியனில் அதற்கு டெப்-3 என்ற முறை இருக்கிறது. விளக்கம், எங்கிருந்து வந்தது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா, கடைசியாக எப்போது பார்த்தது என்று சில தலைப்பு வரிகள். ‘குவில்ட் ஹெடர் -இ’ கொடுத்து எழுதலாம். விளக்கத்தில் பேட்ச் என்ன செய்கிறது என்று எழுதுவதில் பயனில்லை, அதை நிரலே சொல்கிறது. எந்தப் பிழை வந்தது, எப்படி வரவழைப்பது, எப்போது இந்த பேட்சை எடுத்துவிடலாம் என்று எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டு கெர்னலில் இதை கமிட் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். கெர்னலின் முதன்மைக் கிளையான மெயின்லைனிலிருந்து மாற்றாமல் எடுத்தது ‘அப்ஸ்ட்ரீம்’. மாற்றிப் பொருத்தியது ‘பேக்போர்ட்’. பராமரிப்பாளரின் களஞ்சியத்தில் இருந்து இன்னும் மெயின்லைனுக்கு வராதது ‘ஃப்ரம்கிட்’. ஆய்வுக்கு அனுப்பப்பட்டு இன்னும் ஏற்கப்படாதது ‘ஃப்ரம்லிஸ்ட்’. ஆண்ட்ராய்டுக்கு மட்டுமானது ‘ஆண்ட்ராய்டு’. அடுத்த பதிப்புக்குத் தாவும்போது எது தானாக உதிரும், எதை நாம் சுமக்க வேண்டும் என்று அந்த ஒரு வார்த்தையே சொல்லிவிடும். இருபது பேட்ச் வைத்திருக்கும் சின்னக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்தும், நாங்கள் கோப்புப் பெயரின் முன்னொட்டாக வைத்திருக்கிறோம்.

பெயரில்லாத பழைய பேட்ச் கிடைத்தால் செய்ய வேண்டியது: சீரிஸில் அந்த வரியின் முன் # போட்டு விலக்கி, சோதனைக் கணினியில் கட்டி, இரண்டு வாரம் ஓடவிடுங்கள். யாராவது கத்தினால் காரணம் தெரிந்துவிடும், அதை எழுதிவையுங்கள்.

பேட்ச் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது

அனுப்பாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் கிளையில் ஒரு விதி உண்டு. திருத்தம் முதலில் மெயின்லைனில் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் ஸ்டேபிளுக்கு எடுப்பார்கள். நாமும் அந்த வரிசையில் யோசித்தால் சுமை குறையும். நம் நிறுவனப் பெயரும் பாதையும் நிரலுக்குள் பதிந்த பேட்சை அப்ஸ்ட்ரீம் ஏற்காது. அதை ஓர் அமைப்பு விருப்பமாக மாற்றி எழுதினால் ஏற்க வாய்ப்பு உண்டு. மறுத்தால் மறுத்த காரணத்தை டெப்-3 தலைப்பில் சேர்த்துவிடுங்கள். பதிலே வராவிட்டால் அனுப்பிய இணைப்பையும் தேதியையும் ‘ஃபார்வர்டட்’ வரியில் போட்டு வையுங்கள், அடுத்த பதிப்பின்போது திரும்பக் கேட்கலாம்.

அந்த 30 வினாடி பேட்சை நானும் அனுப்பினேன். எண்ணை நிரலில் பதிக்காமல், அமைப்புக் கோப்பில் எடுக்கும்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எழுதிக் கொடுத்தேன், சோதனை ஒன்றும் சேர்த்தேன். அந்த வடிவத்தையே இங்கேயும் பழைய பேட்சுக்குப் பதிலாக வைத்துக்கொண்டேன். இரண்டு பதிப்பு கழித்து ‘குவில்ட் புஷ்’ கொடுத்தபோது, இந்த பேட்சைத் தலைகீழாக ஒட்ட முடியும் என்று வந்து நின்றது. ‘குவில்ட் டெலீட் -ஆர்’ கொடுத்தேன். அந்தக் கிளைக் கணினிகளின் அமைப்புக் கோப்பில் காத்திருப்பு நேரம் 30 என்று ஒரு வரி சேர்த்தேன்.